விமானச் சிறகும் சிறு திருகாணியும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் முதன்முறையாக ஆகாய விமானத்திற் பிரயாணஞ் செய்யும் வாய்ப்புப் பெற்றோம். எமக்குக் கிடைத்த ஆசனம் சிறகிற்கு நேரே, சாளரத்தை அடுத்து இருந்தது. எல்லோரும் ஏறி அமர்ந்து, கதவும் சாத்தப்பட்ட பின்னரும் விமானம் அசையாது நின்றது. சிறகில் ஏதோ ஒரு திருகாணியைப் பார்வையிட வேண்டியிருக்கிறதென்றும், சிறிது தாமதம் நேருமென்றும் அறிவித்தார்கள். அச் 'சிறிது' ஒன்றேகால் மணி நேரமாயிற்று. எம் அருகே வீற்றிருந்த பெரியவர் ஒருவர் தம் கடிகாரத்தைப் பன்முறை நோக்கிய பின்னர் எம் பக்கந் திரும்பி, "பார்த்தீர்களா, தம்பி! ஒரு திருகாணிக்காக நூற்றைம்பது பேரைக் காக்க வைக்கிறார்கள். நேற்றிரவே பார்த்து வைத்திருக்கலாகாதா?" என்றார். வயது கருதி யாம் அன்று மறுமொழி கூறாதிருந்துவிட்டோம். ஊர் திரும்பியபின் இப்பொருளைப் பற்றிக் கிடைத்தவற்றை யெல்லாம் தேடிப் படித்தோம். அன்று சொல்லாது விட்ட மறுமொழியை இங்கே எழுதுகின்றோம்.

தரையில் நின்று காண்போர்க்கு விமானச் சிறகு ஒரே வார்ப்பாகத் தோன்றும். அருகிருந்து காண்போர்க்கோ அது பல உறுப்புக்களின் கூட்டமென்பது விளங்கும். பின்விளிம்பின் கோடியில் மேலுங் கீழுமாய் அசைந்து விமானத்தை இடமோ வலமோ சாய்ப்பது எய்லரான். அதற்கு உட்புறமாக அமைந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் பின்னுங் கீழுமாக நீள்வது பிளாப். முன்விளிம்பில் நீண்ட தட்டுக்கள் சில உண்டு. இவற்றை ஸ்லாட் என்பர். யாம் முன்விளிம்புத் தட்டு என்று வழங்குவோம். வேகங் குறைந்த காலத்திலும் சிறகு விமானத்தைத் தாங்க வல்லதாகும் பொருட்டு இத்தட்டுக்கள் முன்னே நீளும். வேகம் மிகுந்தபின் உள்ளே ஒடுங்கும். அசைய வேண்டிய உறுப்புக்களாதலின் இவற்றைப் பற்றவைத்து ஒன்றாக்கிவிட இயலாது. கீல், தண்டு, உருளை, போல்ட், நட்டு என்பவற்றாலேயே பிணைக்க வேண்டும். அசைவது எதுவும் நாளடைவில் நெகிழும். இயந்திரத்தின் ஓயாத அதிர்வும், தரையின் வெம்மையும் உயரத்தின் கடுங்குளிரும் மாறிமாறித் தாக்குதலும் அந்நெகிழ்ச்சியை விரைவுபடுத்தும். நட்டு கழலாதிருக்கக் கம்பியாற் கட்டுவர், ஊசி செருகுவர், மரையிற் பசை தடவுவர். இவ்வளவு செய்தும் போதாதென்றே காலந்தோறும் கண்ணாற் பார்க்க வேண்டுமென்று சட்டம் வகுத்தனர். தேருக்கு அச்சாணி எத்துணைச் சிறிது என்பதைத் தமிழ் பயில்வோர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே அதனை விடுத்து மேற்செல்வோம்.

இவ்விடத்து வாசகர் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். விமானத்தைச் செய்த கம்பெனி, தான் விற்ற விமானங்களில் ஒரு குறை தோன்றக் கண்டால், அவற்றை வாங்கிய கம்பெனிகளுக்கெல்லாம் கடிதம் எழுதும். 'இன்ன உறுப்பை இன்னவாறு பார்த்துக் கொள்க' என்னும் அளவோடு அக்கடிதம் அமைவதுண்டு. அஃது ஆலோசனை. அரசாங்கத்தின் விமானத் துறை 'இத்தனை நாட்களுக்குள் பார்த்தே தீரவேண்டும். பாராத விமானம் பறத்தலாகாது' என்று விதிப்பது வேறு. அதற்கு விமானத் தகுதி உத்தரவு என்று பெயர். ஆலோசனைக்கும் உத்தரவுக்கும் இடையே எத்தனை மாதங்கள் கழிகின்றன என்பதிலேயே பல உயிர்களின் நிலை தொங்குகின்றது. இதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரித்துக் கூறுவோம்.

ஜப்பானுக்குரிய ஓகினாவாத் தீவில் நாஹா என்னும் நகரம் உள்ளது. 2007 ஆகஸ்டு 20ந் தேதி காலை, தைவானிலிருந்து புறப்பட்ட சைனா ஏர்லைன்ஸ் கம்பெனியின் போயிங் 737-800 விமானம் ஒன்று நாஹாவில் யாதொரு குறையுமின்றி இறங்கிற்று. அதில் 157 பிரயாணிகளும் 8 சிப்பந்திகளும் இருந்தனர். விமானம் தான் நிற்க வேண்டிய இடத்திற்கு வந்து சேர்ந்தவுடன் வலது சிறகின் அடியிலிருந்து எரியெண்ணெய் ஒழுகிச் சூடான இயந்திரத்தின்மேற் பட்டுத் தீப்பற்றியது. தரையிலிருந்த பணியாளர் அதனைக் கண்டு விமானிக்குத் தெரிவித்தனர். பிரயாணிகள் அனைவரும் சறுக்கு வழிகளால் இறங்கி ஓடினர். விமானிகள் தம் அறையின் சாளரத்தின் வழியாகவே தப்பினர். விமானம் பெருஞ்சத்தத்துடன் தீக்கிரையாயிற்று. ஓருயிரும் போகவில்லை. அத்தீ தரையில் எழாது வானத்தில் எழுந்திருக்குமாயின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எழுத எமக்குக் கை வரவில்லை.

காரணத்தை ஆராய்ந்தோர் கண்டது யாது? அவ்விமானத்தின் ஒவ்வொரு சிறகிலும் முன்விளிம்புத் தட்டுக்கள் நான்கு உள. ஒவ்வொரு தட்டும் வளைந்த தண்டுகளின்மேல் ஓடுவது. தட்டு உள்ளே ஒடுங்கும்போது அத்தண்டின் பின்நுனி சிறகினுள் ஓர் உறைக்குட் புகும். அவ்வுறையோ எரியெண்ணெய்த் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருப்பது. தண்டு அளவுக்கு மேல் வெளியே ஓடிவிடாதபடி அதன் பின்நுனியில் ஒரு தடைமுளை உண்டு. தண்டிலுள்ள துளையில் ஒரு போல்ட்டைச் செலுத்தி, மறுபுறத்தில் வாஷர் இட்டு, நட்டினால் முறுக்கி அத்தடைமுளையை நிறுத்தியிருப்பர். வாஷர் என்பதற்குத் தமிழ்ச் சொல் காண விழைந்து 'வளையத் தகடு' என்று எழுதிப் பார்த்தோம். பட்டறையில் வேலை பார்க்கும் எம் மாமா அதைப் படித்து நகைத்தார். ஆதலின் வாஷர் என்றே இருக்கட்டும்.

அந்த வாஷர் அங்கே இல்லை. நட்டின் பருமன் துளையின் அகலத்திலும் சிறிது. ஆகவே வாஷர் ஒன்றே அதனைத் துளைக்குட் புகாமல் தடுத்து வந்தது. அஃது இல்லாமையால் போல்ட்டும் நட்டும் ஒன்றாகவே துளையினூடு நழுவி உறைக்குள் விழுந்தன. நாஹாவில் இறங்கியபின் விமானி வழக்கப்படி தட்டுக்களை உள்ளே ஒடுக்கினார். திரும்பி வந்த தண்டு, கீழே கிடந்த போல்ட்டை உறையின் சுவரோடு வைத்து அழுத்தியது. சுவர் துளைபட்டது; தொட்டியின் எண்ணெய் அவ்வழியே வெளிப்பட்டது. போல்ட்டின்மேல் நட்டு பூட்டியபடியே இருந்தது என்பதை வாசகர் நன்கு கவனிக்க.

இனி இக்கதையின் மிகத் துயரமான பகுதி வருகின்றது. இந்த நட்டு தளர்ந்துபோகின்றது என்னும் செய்தி முன்னரே சில இடங்களிலிருந்து வந்தமையால், போயிங் கம்பெனி 2005 டிசம்பரில் ஒரு கடிதம் அனுப்பிற்று. நட்டைக் கழற்றி, மரையிற் பசையிட்டு, குறித்த அளவு முறுக்கி வைக்கும்படி அக்கடிதம் ஆலோசனை கூறியது. நாஹாவில் எரிந்த விமானத்தில் அவ்வேலை 2007 ஜூலையில், விபத்திற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், செய்யப்பட்டது. அவ்வேலையின்போதே வாஷர் கீழே விழுந்திருக்க வேண்டுமென்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். வேலை செய்த இடம் குறுகலானது. கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. நட்டு தளராதிருக்கச் செய்த முயற்சி தளராத நட்டையே தந்தது. ஆயின் விமானம் எரிந்தது.

விபத்து நிகழ்ந்த ஐந்தாம் நாள், ஆகஸ்டு 25ந் தேதி, அமெரிக்காவின் பெடரல் ஏவியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன் அவசர உத்தரவு பிறப்பித்தது. அவ்வகை விமானங்களின் உறைகளை யெல்லாம் 24 நாட்களுக்குள் பார்த்துவிட வேண்டுமென்பது அதன் சாரம். அமெரிக்காவில் மட்டும் அத்தகைய விமானங்கள் 783 இருந்தன. உலகெங்கும் ஈராயிரத்திற்கு மேற்பட்டன இருந்தன. பார்க்கத் தொடங்கியவுடன் வேறு சில விமானங்களிலும் தளர்ந்த உறுப்புக்கள் காணப்பட்டன. உடனே, ஒரு வாரமுங் கழியுமுன், 24 நாட்களை 10 நாட்களாகக் குறைத்து மறு உத்தரவிட்டனர். அமெரிக்க உத்தரவு அமெரிக்கப் பதிவுள்ள விமானங்களையே கட்டுப்படுத்துமாயினும், விமானஞ் செய்த நாட்டின் உத்தரவைப் பிற நாடுகளும் பின்பற்றுதல் வழக்கம்.

எம் அருகிருந்த பெரியவர் போன்றார் இதனைக் கேட்டால் இரண்டு ஆட்சேபங்கள் கூறக்கூடும். முதலாவது செலவும் தாமதமும். பத்து நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்களைத் தரையில் நிறுத்திச் சோதிப்பதனால் கம்பெனிக்கு நஷ்டம். திருமணத்திற்குச் செல்வோர்க்கும், மரணப் படுக்கையிலுள்ள தாயைக் காணச் செல்வோர்க்கும் மனவேதனை. இதனை யாம் அலட்சியம் செய்யவில்லை. எனினும் இவ்வாட்சேபத்திற்கு நீண்ட விடை தேவையில்லை. நஷ்டமும் தாமதமும் கணக்கிட்டு ஈடு செய்யக் கூடியவை. நாஹாவில் அன்று நேராது தப்பியது அத்தகையதன்று. மேலும், சோதனை உத்தரவாக வாராது ஆலோசனையாகவே வருமாயின், அதனை உடனே செய்யும் நல்ல கம்பெனியே நஷ்டத்தைத் தாங்கும். நாட்கடத்தும் கம்பெனி இலாபம் பெறும். கட்டாயம் ஒன்றே இவ்விருவரையும் சமமாக்குவது.

இரண்டாவது ஆட்சேபமே வலியது. 'கைபடாதிருந்தால் அந்த வாஷர் விழுந்திராதே! அடிக்கடி திறந்து பார்க்கச் சொல்லுவதே ஆபத்தை விளைவிப்பதாகாதா?' என்பது அது. இதனைக் கூறுவோர் பலர் அத்துறையில் பழகினவர்களே. எம் வீட்டுக் கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் துடைத்து வைக்கக் கொடுத்து, பின்னர் அது ஓடாதே போன அனுபவம் எமக்கும் உண்டு.

ஆயினும் இவ்வாட்சேபம் இரண்டு வேறு செயல்களை ஒன்றாகக் கருதிப் பிழைபடுகின்றது. பார்த்தல் வேறு, கழற்றுதல் வேறு. மேற்கூறிய அவசர உத்தரவு முதலிற் கேட்டது பார்த்தலையே. நீண்ட குழலின் நுனியில் கண் பொருத்தியது போன்ற உள்நோக்குக் கருவியை உறைக்குட் செலுத்தி, அங்கே ஏதேனும் விழுந்து கிடக்கின்றதா, தடைமுளையில் ஏதேனும் குறைகின்றதா என்று நோக்கச் சொன்னது. 2007 ஜூலையில் வேலை முடிந்த அன்றே அங்ஙனம் ஒருவர் நோக்கியிருப்பின் வாஷர் இல்லாமை வெளிப்பட்டிருக்கும். ஆகவே கழற்றும் வேலை ஆபத்தானது என்பதிலிருந்து சோதனை குறைய வேண்டுமென்பது பெறப்படாது. கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றாத வேறொருவர் மீண்டும் பார்க்க வேண்டுமென்பதே பெறப்படும். ஜப்பானிய ஆராய்ச்சியாளரும், வேலைக்குரிய அறிவுரையை எழுதும்போதே அவ்வேலை நிகழும் இடத்தின் நெருக்கத்தையும் இருளையும் போன்ற நிலைமைகளைக் கருத வேண்டுமென்று தெரிவித்தனர். மேசையிலிருந்து எழுதுவோர்க்கு நட்டு கண்ணெதிரே தெரியும். சிறகின் இடுக்கில் கைவிட்டுத் தடவுவோனுக்கு அது தெரியாது.

அந்த இரண்டாவது கண் மெய்யாகவே வேறொரு கண்ணாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் 1991 செப்டம்பர் 11ந் தேதி கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் சிறு விமானம் ஒன்று வானிலேயே சிதைந்து வீழ்ந்து, அதிலிருந்த 14 பேரும் மாண்டனர். அதற்கு முந்திய இரவு, வாற்சிறகின் முன்விளிம்பில் பனிநீக்கும் உறையை மாற்றும் வேலை நடந்தது. இடப்பக்கத்தின் மேற்புறத்தில் 47 திருகாணிகளைக் கழற்றினர். அவற்றைக் கழற்றியவர், வேலையாட்களுக்கு உதவும் நல்லெண்ணத்தோடு ஏறிய பரிசோதகரே! முறை மாறி அடுத்த வேலையாட்கள் வந்தபோது அச்செய்தி அவர்களை முழுமையாகச் சேரவில்லை. அவர்கள் வலப்பக்கத்து வேலையை மட்டும் கவனித்தனர். 47 திருகாணிகள் இன்றியே விமானம் காலையிற் புறப்பட்டது. பரிசோதகர் உதவிக்கு வந்தது குற்றமென்று கூற எமக்கு மனம் வரவில்லை; எனினும் அவர் வேலையாளாக மாறிய கணத்தில் அவ்விடத்தில் பரிசோதகர் ஒருவரும் இல்லாது போயினர்.

காலவரையறை தளர்வதும் ஓர் ஆபத்து. 2000 ஜனவரி 31ந் தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் 261 கலிபோர்னியாக் கரையை அடுத்த கடலில் வீழ்ந்து 88 பேர் உயிர் துறந்தனர். அவ்விமானத்தின் வாற்சிறகை ஏற்றி இறக்கும் நீண்ட திருகின்மேல் ஓடும் நட்டின் மரைகள் தேய்ந்து அறுந்தன. 1997 செப்டம்பரில் அதன் தேய்மானத்தை அளந்தபோது 0.040 அங்குலம் என வந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவும் அதுவே. மாற்ற வேண்டுமென்று ஒருவர் எழுதி வைத்தார். அடுத்த முறையினர் மீண்டும் அளந்தனர், 0.033 என வந்தது, மாற்றாமலே விட்டனர். மசகிடும் காலமும் அளக்கும் காலமும் முன்னிருந்ததினும் நீட்டிக்கப்பட்டிருந்தன. அரசாங்கத் துறையும் அதற்கு இசைந்திருந்தது. போதிய மசகு இடப்படாமையே நட்டு தேய்ந்ததற்குக் காரணமென்று பின்னர்க் கண்டனர். விபத்து நேர்ந்த சில நாட்களில் அவ்வகை விமானங்களை 72 மணி நேரத்திற்குள் சோதிக்கும்படி உத்தரவு வந்தது. 88 பேர் மாண்டபின் 72 மணி நேரத்திற்குட் செய்ய முடிந்த ஒன்றை, அதற்கு முன் ஆண்டிற்கொருமுறை செய்ய முடியாதென்று எவர் கூறுவர்?

ஆகவே எம் கருத்து இது. சிறகினதும் வாலினதும் அசையும் உறுப்புக்களைப் பிணைக்கும் ஆணிகளின் சோதனை, முதற் குறை தெரிந்தவுடனே ஆலோசனையாக நில்லாது உத்தரவாதல் வேண்டும். விபத்து ஒன்று வந்து அதற்கு முத்திரையிடும்வரை காத்திருத்தல் தகாது. கழற்றியவர் ஒருவராகவும் பார்ப்பவர் மற்றொருவராகவும் இருத்தல் வேண்டும். கழற்றியது எழுதப்பட்டாலன்றி அங்ஙனம் பார்ப்பவருக்கு எதைப் பார்ப்பதென்றே தெரியாது. 2024 ஜனவரி 5ந் தேதி அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரிலிருந்து எழுந்த போயிங் 737 மாக்ஸ் விமானத்தின் பக்கத்துக் கதவடைப்பு வானத்திற் பிய்த்துக்கொண்டு போனது யாவர்க்கும் நினைவிருக்கும். அங்கும் தொழிற்சாலையிற் கழற்றிய நான்கு போல்ட்டுக்கள் மீண்டும் இடப்படவில்லை. கழற்றியதற்கு எழுத்தும் இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. இதனைச் சட்டத்தால் மட்டும் செய்துவிட இயலுமென்று யாம் எண்ணவில்லை. எனினும் சட்டத்தின் துணையின்றியும் செய்ய இயலாது. வேலை முடிந்தபின் கையெழுத்திடும் தாளில் 'செய்தேன்', 'பார்த்தேன்' என்பவற்றிற்கே இடம் விட்டிருக்கின்றனர். குறுகிய இடுக்கில், வியர்வை கண்ணில் வழிய, நடு இரவில் நட்டைத் தடவிப் பார்த்து முறுக்கியவன், 'வாஷர் இருந்ததா என்பது எனக்குத் தெரியவில்லை' என்று எழுத அத்தாளில் இடமில்லை. எழுதினால் வேலைக்குக் கேடு வருமோ என்னும் அச்சமும் உண்டு. ஆதலின் 'செய்தேன்' என்று எழுதி வீடு செல்கின்றான். அவன் பொய்யன் அல்லன். தான் செய்ததையே எழுதினான். 'பார்க்க இயலவில்லை' என்னும் ஒரு கட்டத்தை அத்தாளிற் சேர்ப்பதும், அதில் எழுதியவனைத் தண்டியாது, உடனே விளக்கையும் கருவியையும் அவ்விடத்திற்கு அனுப்புவதும் அரசாங்கம் விதிக்க வேண்டுவனவாம்.

அதனால் விமானங்கள் இன்னும் சிறிது தாமதிக்கும். யாம் அன்று அமர்ந்திருந்த விமானத்தின் சிறகின்மேல் ஏறிக் குனிந்திருந்தவரின் முகம் எமக்குத் தெரியவில்லை. விளக்கைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் தெரிந்தது. அவர் பார்த்து முடித்து இறங்கியபின் மற்றொருவர் ஏறி அதே இடத்தைப் பார்த்தார். அருகிருந்த பெரியவர் அதற்குப் பெருமூச்செறிந்தார். விமானம் எழுந்த சிறிது நேரத்தில் அவர் உறங்கிவிட்டமையால் இவற்றை அவரிடம் கூறும் வாய்ப்பும் எமக்குக் கிடைக்கவில்லை. எம் கல்லூரியின் பழைய மாணவருள் விமானம் பழுதுபார்க்கும் துறையில் இருப்போர் இதனைப் படிக்க நேருமாயின், எம் கூற்றிற் பிழை கண்டவிடத்து அடுத்த இதழுக்கு எழுதித் திருத்துவாராக.